ஏழாவது குரல்

மைக் வந்து சேர்ந்த அன்று என் கணவர் அந்தச் சின்னப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் வாய்க்கு இது எதுக்குலா? நீ இங்க பேசுனா மேல கியா பார்ம் சந்தையில ஸ்ட்ராபெரி விக்கிறவங்களுக்கே கேக்குமே," என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை. முப்பது வருடம் தேயிலைச் சரிவில் நின்று பேசியவள் நான். அங்கே மெல்லப் பேசினால் அடுத்த நிரைக்குப் போய்ச் சேராது. முழங்கால் தேய்ந்து, வேலையை விட்டு, வீட்டோடு உட்கார்ந்த பிறகு பேச ஆள் இல்லாமல் போனது. பாட்காஸ்ட் பைத்தியம் அப்படித்தான் பிடித்தது.

எப்படிச் செய்வது என்று போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ரவிக்கையில் கவ்விக்கொள்ளும் மைக், போன், காதில் மாட்ட ஒரு ஒயர், அவ்வளவுதான் சாமான். முதல் தடவை பதிந்ததைக் கேட்டபோது யாரோ ஒரு சண்டைக்காரி பேசுவது மாதிரி இருந்தது. பின்னால் காய்கறி லோரி மேடேறும் சத்தம், தகரக் கூரையில் மழை, பக்கத்து வீட்டுக் குக்கர். போதாததற்கு நான் பேசியதே சுவரில் மோதித் திரும்பி வந்தது. துணிமணி இருந்தால் அப்படித் திரும்பாது என்று வீடியோவில் சொன்னார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு, லயத்து வீடுகளில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, அலமாரியைத் திறந்து தொங்குகிற சேலைகளுக்குள் தலையை விட்டுப் பேசினேன். கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்த என் கணவர் அதைப் பார்த்துவிட்டார். அன்று சாயந்திரம், "சேலைங்க என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார்.

முதல் பதிவில் நல்ல தேயிலை பார்த்து வாங்குவதைப் பற்றிப் பேசினேன். இரண்டாவதில் அட்டைக்கடி. பதினோரு பேர் கேட்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் என் தங்கச்சி வீட்டுக்காரர்கள். மூன்றாவதற்குப் பனியைப் பற்றிப் பேசலாம் என்று உட்கார்ந்தேன்.

கொழுந்து வெட்டும் மெஷின் ஏறாத செங்குத்துச் சரிவில் நாங்கள் ஏழு பேர் ஒரு செட்டு. பனி இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் நிற்பவள் தெரியமாட்டாள். அதனால் எங்கள் கங்காணி ஒரு வழக்கம் வைத்திருந்தார். அரை மணிக்கு ஒரு தடவை அவர் மேலே நின்று கைதட்டுவார். முதல் நிரையிலிருந்து வரிசையாக ஒவ்வொருத்தியும் ஒரு கூவல் கொடுக்க வேண்டும். பெயர் சொல்லத் தேவையில்லை, கூவலே ஆளைச் சொல்லும். ஏழு குரல் வந்துவிட்டால் எல்லோரும் பத்திரம். ஒன்று குறைந்தால் வேலையைப் போட்டுவிட்டுத் தேடுவோம். ஒருத்தி வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதும், இன்னொருத்திக்குப் பாம்பு கடித்ததும் அப்படித்தான் உடனே தெரிந்தது.

இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? ஏழு பேரும் எப்படிக் கூவுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினேன். மூக்கால் கூவுகிறவள், சலித்துக்கொண்டு கூவுகிறவள், வெற்றிலையை ஒதுக்கிவிட்டுக் கூவுகிறவள். ஆறாவது நான், மாடு கத்துகிற மாதிரி ஒரே நீட்டு. ஏழாவது குரல் தானாக வந்தது. உயரத்தில் தொடங்கி, நடுவில் இறங்கி, முடிவில் லேசாக ஏறும். ஊ... ஓ... ய்.

காதில் ஒயர் மாட்டியிருந்ததால் அந்தச் சத்தம் நேராகக் காதுக்குள் வந்தது. செத்துப்போனவள் சேலைகளுக்குப் பின்னால் நின்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏழாவது நிரைக்காரி என்னைவிட நாலு வயது இளையவள். என்னை அக்கா என்பாள். இழுப்பு நோய் உண்டு. பனி அடர்ந்தால் மூச்சு முட்டும். அதைச் சொன்னால் சரிவிலிருந்து மாற்றிவிடுவார்கள் என்று பயம். "அக்கா, எனக்கும் சேத்து ஒரு சத்தம் குடுங்க, செத்த ஒக்காந்துட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு ஓடைப் பக்கம் மரத்தடிக்குப் போவாள். என் முறை வந்ததும் என் கூவலைக் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளுடையதையும் கொடுப்பேன். கங்காணிக்கே வித்தியாசம் தெரியாது. அதில் எனக்குப் பெருமை. அவளும் திரும்பி வந்து, "என்னையவிட நீங்க நல்லா கூவுறீங்க," என்று சிரிப்பாள்.

இருபத்து மூன்று வருடம் முன்னால் ஒரு காலையில் முதல் கைதட்டலுக்கான கூவலை அவளே கொடுத்தாள். பிறகு மரத்தடிக்குப் போனாள். இரண்டாவதை நான் கொடுத்தேன். மூன்றாவதையும் நானே கொடுத்தேன். வர நேரமாகிறதே என்று ஒரு தரம் நினைத்தேன், நினைத்துவிட்டுக் கொழுந்தைப் பறித்தேன். பனி விலகியபோது அவள் மரத்தில் சாய்ந்தபடி இருந்தாள். உதடு நீலமாகியிருந்தது.

எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறாள் என்று டிரெசர் கேட்டார். எஸ்டேட்டில் மருந்து கொடுப்பவர் அவர்தான். "அரை மணி இருக்காதுங்க. கடைசிச் சத்தம் நல்லாத்தான் குடுத்துச்சு," என்றார் கங்காணி. நான் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய ஏழு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் அதையே சொல்லித் தேற்றினார்கள். உங்கம்மா கஷ்டப்படல, கடைசி வரைக்கும் நல்லா கூவிச்சு, ஒரு நிமிஷத்துல போயிருச்சு. அந்தப் பேச்சை நானும் தலையாட்டிக் கேட்டேன். என் கணவருக்குக்கூட இது தெரியாது.

ஏழாவது கூவலை வெட்டிவிட்டுத்தான் பதிவைப் போட நினைத்தேன். வெட்டத் தெரியாமல் இல்லை. திரும்பக் கேட்டேன், நன்றாக வந்திருந்தது. அதுதான் வெட்கக்கேடு. அப்படியே போட்டுவிட்டேன்.

நாலாம் நாள் அவள் மகளிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. கியா பார்ம் ரோட்டோரம் ஸ்ட்ராபெரிக் கடை வைத்திருக்கிறாள். "பெரியம்மா, அம்மா சத்தம் உங்ககிட்ட எப்புடி வந்துச்சு? பழைய டேப்பா? எங்கிட்ட போட்டோ மட்டும்தான் இருக்கு. லயத்துக்கு மேலருந்து என்னைய அப்புடித்தான் கூப்புடுவாங்க. ரொம்ப தேங்ஸ் பெரியம்மா." கடைசி வார்த்தையில் அழுதுவிட்டாள்.

இரண்டு நாள் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சொன்னால் அவள் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால் என் தொண்டையை அவள் அம்மா என்று நினைத்துக்கொண்டு வாழ்வாள். மூன்றாம் நாள் என் கணவரைக் கெரெத்தா எடுக்கச் சொல்லி முன் சீட்டில் ஏறினேன். காரணம் சொல்லவில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலி செய்யாமல் ஓட்டினார்.

வாரநாள், கடையில் கூட்டமில்லை. "வாங்க பெரியம்மா," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரும்போது அவள் போன் அடித்தது. ஊ... ஓ... ய்.

என் பதிவிலிருந்து அந்த இடத்தை மட்டும் வெட்டி ரிங்டோனாக வைத்திருந்தாள். எடுக்காமல் முழுசாக அடிக்கவிட்டு, சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அது டேப் இல்லம்மா. நான்தான் கூவுனேன்."

"நீங்களா? அப்புடியே இருக்கே! எப்பப் பழகுனீங்க?"

"உங்கம்மாவுக்கு மூச்சு முட்டுறப்ப போயி ஒக்காருவா. அவளுக்கும் சேத்து நான் சத்தம் குடுப்பேன்."

அவள் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அன்னிக்குமா?"

"அன்னிக்கும்தான்."

"கடைசிச் சத்தம்..."

"நான்தான். அதுக்கு முந்துனதும் நான்தான்."

ஒரு சீனக் குடும்பம் வந்து பழம் கேட்டது. அவள் எழுந்து போய்ப் பெட்டியில் அடுக்கி, மூடிக் கொடுத்து, மலாயில் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். திரும்ப உட்காரவில்லை.

"அரை மணி நேரம்தான்னு சொல்லித்தான் அப்பா என்னையத் தூங்க வெப்பாங்க," என்றாள். "அப்ப ஒன்றரை மணி நேரம் அங்கயே கெடந்துருக்காங்க."

மன்னிச்சிரும்மா என்று சொன்னேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "போங்க பெரியம்மா," என்றாள். போனேன். வழியில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

சாயந்திரம் அவளிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது. "பதிவை அழிச்சிறாதீங்க. அது யார் சத்தம்னு எல்லாருக்கும் சொல்லுங்க." அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அவள் போனில் இப்போது என்ன சத்தம் அடிக்கிறது என்று கேட்க எனக்கு வாயில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அலமாரியைத் திறந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கங்காணி மாதிரி கைதட்டினேன். ஆறு குரலையும் வரிசையாகக் கூவினேன். என் நீட்டுக் கூவல் முடிந்ததும் தொண்டைக்குள் ஏழாவது எழுந்து வந்தது, வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். சேலைகளுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுப் பதிவை நிறுத்தினேன்.

போடப்போகும்போது போன் கேட்டது, நடுவில் சத்தமில்லாத இடம் இருக்கிறது, நீக்கிவிடவா என்று. வேண்டாம் என்று அழுத்தினேன். அன்றைக்கு அந்தச் சரிவில் நான் இந்தப் பத்து வினாடி சும்மா இருந்திருந்தால், ஆறு பேரும் அவளைத் தேடி ஓடியிருப்போம்.