முப்பத்தொன்றாம் எண்

எல்லாம் சரியாக நினைவிருக்கிறதா என்று கேட்டால், தயக்கம்தான். நேரங்களை மட்டும் அன்றே தாளில் குறித்து வைத்தேன். அவை பொய்யில்லை.

தலையில் அடிபட்டு நினைவின்றிக் கிடப்பவர்களின் மூளைப் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. 'கையை மூடித் திறப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்று ஸ்கேன் மெஷினுக்குள் அவர்கள் காதில் சொல்வோம். முப்பது விநாடி நினைப்பு, முப்பது விநாடி ஓய்வு. ஆறு முறை. சொன்னது உள்ளே எட்டினால் மூளையில் ஒரு புள்ளியின் வெளிச்சம் ஏறி இறங்கும். சிலருக்கு ஓய்விலிருந்து தொடங்குவோம். அதற்கு வேறு அட்டவணை; மாற்றிப் போட்டு ஒப்பிட்டால் பதில் இல்லாததுபோல் தெரியும். படத்தில் பெயர் இருக்காது. எண் மட்டும்.

பைக்கிலிருந்து விழுந்த என் தம்பியும் அப்படித்தான் கிடந்தான்.

"உன் தம்பி படம் உன்கிட்ட வராதும்மா. வேற ஆள் பாப்பாங்க" என்றார் தலைமை டாக்டர்.

'பதில் இல்லை' என்று அறிக்கை வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டாள். மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, மதியம் 2.40. மெஷினைச் சோதிக்க தினமும் உள்ளே வைக்கும் தண்ணீர்ப் பந்தின் படம் என் திரையில் வந்தது. வெறும் சாம்பல் வட்டம். நடுவில் ஒரு புள்ளி... ஏறியது. இறங்கியது.

டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன்.

"என்னப்பா, பந்துல ஏதோ கோளாறா?"

"பந்தா? மெஷினே காலையிலேர்ந்து ரிப்பேர்ல கெடக்கு அக்கா. சாப்பிட்ட மயக்கமா?"

சிரித்தான். என்னால் முடியவில்லை.

2.46. எண்ணினேன். முப்பது விநாடி அமைதி. முப்பது விநாடி ஏற்றம். ஓய்வில் தொடங்கி... ஆறு முறை.

தண்ணீருக்கு ஏது காது?

2.53. ஓரத்திலிருந்த எண்ணைப் பார்த்தேன்.

31.

பழைய 31-ஐத் தேடித் திறந்தேன். 'ஓய்வு முதலில்' என்று குறிப்பு இருந்தது. பார்த்தவர் மற்ற அட்டவணையைப் போட்டிருக்கிறார். நான் மாற்றிப் போட்டேன்...

ஆறு முறையும் ஏறியது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அறிக்கையின் அடியில் கையெழுத்து.

என்னுடையது.

நிமிர்ந்தேன். பந்தின் படம் திரையில் இல்லை.

மறுநாள் தலைமை டாக்டர் பெயர்ப் பட்டியலை எடுத்தார். தம்பியின் படத்தைப் பார்க்க வேண்டிய ஆள் அந்த வாரம் விடுப்பாம். 31-க்கு நேரே இருந்த பெயர்மேல் விரலை வைத்தார்.

டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். டெக்னீஷியன் வேறு வேலைக்குப் போய்விட்டான். நான் அங்கேயேதான் இருக்கிறேன். எந்தப் படத்தையும் இரண்டு அட்டவணையிலும் பார்க்கிறேன்.

அம்மா இருக்கிறாள்.

"நாம பேசினது எதுவும் அவனுக்குக் கேட்டிருக்காதுல்ல?" என்று எப்போதாவது கேட்பாள்.

"கேட்டிருக்காதும்மா" என்பேன்.