முகப்பில் வந்து நின்ற படம்

ஒன்பதாவதோடு நின்றவன் நான். எர்ணாவூரில் பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், சாவு என்று எங்கள் பக்கத்து முகங்கள் எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்குப் போயிருக்கின்றன.

பேனர் கட்டக் கெடுபிடி வந்தது. வேலை குறைந்தது. போனில் வீடியோ பார்த்து வெப்சைட் செய்யக் கற்றேன். கற்றேன் என்றால், வீடியோவில் வருபவன் அடிப்பதைப் பார்த்து அடிப்பேன். ஓடாவிட்டால் திரும்ப அடிப்பேன். ஒரு தீம் ஓட ஏழு மாதம் ஆனது.

தீம் என்பது வெப்சைட்டுக்குப் போடும் சட்டை. நான் செய்தது கல்யாண மண்டபங்களுக்கு. உள்ளே மண்டபத்துக்காரர் மட்டும் திறக்க ஒரு பக்கம் உண்டு. அதில் பெட்டி பெட்டியாக இருக்கும். நிறம், பெயர், போன் நம்பர், எத்தனை பேர் உட்காரலாம், முகப்பில் என்ன படம். மாற்றிவிட்டு சேவ் அமுக்கினால் வெளியே மாறிவிடும். என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. அதைச் சொல்லித்தான் விற்றேன். கீழே ஒரு பொத்தானும் வைத்தேன். 'பழையபடி ஆக்கு'. எதையாவது குழப்பிக்கொண்டால் அதை அமுக்கலாம். எல்லாப் பெட்டியும் நான் முதலில் வைத்த நிலைக்குத் திரும்பும்.

படப் பெட்டியில் முதலில் எதையாவது வைக்க வேண்டும். பிளெக்ஸ் கடையில் யாரும் வெறும் பலகையில் தொடங்குவதில்லை. பழைய வேலையைத் திறப்போம். அதன் மேல் புது முகத்தைப் போடுவோம். பழையது அடியில் போய்விடும். கைக்கு அதுதான் பழக்கம். கடையில் கிடந்த ஒரு நிச்சயதார்த்த பேனரைத் திறந்தேன். ஜோடியை வெட்டி எடுத்தேன். பெட்டியில் வைத்தேன். மூன்று மண்டபங்கள் தீமை வாங்கின. மூன்றும் தங்கள் படத்தைப் போட்டன. பழையது அடியில் போனது. நான் மறந்துவிட்டேன்.

அந்த ஜோடியில் இருந்த பெண் எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடி. நிச்சயம் ஆகி நாலு மாதத்தில் அந்தக் கல்யாணம் நின்றுபோனது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை இருக்கும். அந்தப் பெண் போன் செய்தது.

"ண்ணா, ராயபுரம் மண்டபத்து வெப்சைட்டு நீதான பண்ண?"

"ஆமா."

"தொறந்து பாரு."

திறந்தேன். மண்டபத்தின் படம் இல்லை. திரை முழுக்க அந்தப் பெண்ணும் பழைய மாப்பிள்ளையும் மாலையோடு நின்றார்கள்.

"இன்னிக்கு மூணு மணிக்கு எனுக்கு தட்டு மாத்த வராங்க. மாப்ள வூடு ராயபுரம். அந்த மண்டபந்தான் பேசி வெச்சிகீறாங்க. வந்து குந்திகினு எல்லாரும் போன்ல பாக்கலாம்னு அவரு அக்கா சொல்லிகீது."

"முன்னாடி நிச்சயம் ஆனது..."

"தெரியாது. அப்பா சொல்லவே வாணாம்னுட்டாரு."

நான் பக்கத்தை மறுபடி திறந்தேன். அதற்குள் அந்தப் பெண்ணே கேட்டது.

"எம் மூஞ்சிய இன்னாத்துக்குண்ணா அங்க வெச்ச?"

"எடுத்துட்றேன்," என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை.

என் இடத்தில் இருந்து எடுக்க முடியவில்லை. பாஸ்வேர்டை மாற்றிக்கொள் என்று மண்டபத்து மேனேஜருக்குச் சொன்னவனே நான்தான். மாற்றியிருந்தான். போன் போட்டேன். எடுக்கவில்லை. முகூர்த்த நாள்.

வண்டியை எடுத்தேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் வரைக்கும் வரிசையில் நின்றன. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வந்த கூட்டம். மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று.

மேனேஜர் சாப்பாட்டு ஹாலில் நின்றான்.

"இன்னா மாமு, கரெக்டா பந்திக்கு வந்துகீற. குந்து, எல போட சொல்றேன்."

"வெப்சைட்ட இன்னா பண்ண?"

"ரோஸ் கலரு போட்டு பாத்தேன். வாந்தி எடுத்த மாரி இருந்துச்சி. பேஜாருன்னா அந்த பட்டன அமுக்குன்னு நீதான சொன்ன? அமுக்கனேன். ஒரு ஜோடி வந்து நின்னுச்சி பாரு, எங்க மண்டபத்தவிட ஷோக்கா கீது. அப்டியே வுட்டுட்டேன்."

"அத்த எடுக்கணும். பாஸ்வேர்டு சொல்லு."

"மாத்தனது எங்க ஞாபகம் கீது. ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டர்ல தானா தொறந்துக்கும்."

ஆபீஸ் ரூம் பூட்டியிருந்தது. நகையும் சீர் சாமானும் வைக்க, அன்று நடந்த கல்யாணத்துப் பெண் வீட்டுக்குக் கொடுத்திருந்தான். சாவி கல்யாணப் பெண்ணின் அம்மா இடுப்பில். அந்த அம்மா மேடையில் போட்டோவுக்கு நின்றது.

"இப்ப போயி கேட்டா செருப்பால அடிக்கும்," என்றான். "நான் வரல."

மேடைக்குக் கீழே போய் நின்றேன். ஒன்றரை ஆனது. ஒவ்வொரு குடும்பமாக ஏறி, நின்று, இறங்கினார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"வெப்சைட்டு வேலைக்கு வந்தேன்."

"சாப்ட்டியா?"

"இல்ல."

"அப்ப யாரு வூடுமே இல்ல," என்றார்.

இரண்டு மணிக்கு அந்த அம்மா இறங்கியது. ஒரு பெண்ணின் படம் தப்பாக வந்துவிட்டது, எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தது. கூடவே வந்து திறந்துவிட்டு, நகைப் பெட்டிகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

உள் பக்கம் திறந்தது. படத்தை நீக்கினேன். சேவ் அமுக்கினேன். வெப்சைட்டின் வெளிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே ஜோடி.

மறுபடி நீக்கினேன். மறுபடி அதே ஜோடி.

பிறகுதான் உறைத்தது. பெட்டி காலியாக இருந்தால் நான் வைத்த படமே வந்து நிற்கும் என்று எழுதியிருந்தேன். வெறும் முகப்பு அசிங்கம் என்று நினைத்து எழுதிய வரி. மேலே வேறு படம் போட்டு மறைத்தால், அடுத்த முறை பொத்தானை அமுக்கும்போது திரும்ப வந்து நிற்கும். அந்த வரியைத் தேட வேண்டும். கோப்பைத் திறந்தேன். ஏழு மாதம் நான் அடித்ததில் எது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம்பா?" என்றது அந்த அம்மா.

"ஆச்சும்மா."

ஆகவில்லை. இரண்டு நாற்பதுக்குத்தான் வரி கிடைத்தது. அழித்தேன். படத்தையும் அழித்தேன். மேனேஜர் போனில் திறந்து பார்த்தேன். ஜோடி இல்லை. என் போனில் பார்த்தேன். இருந்தது. ஒரு முறை திறந்த போன் பழைய படத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எங்கள் பிளாக் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"எடுத்தாச்சி. ஆனா காலைல எந்த போன்ல தொறந்தாங்களோ, அதுல நிக்கும்."

"அவரு அக்கா தொறந்துச்சா இல்லியான்னு எனுக்கு தெரியாதே."

"ம்."

"வுடுண்ணா. அவருக்கு நானே போன் போட்டு சொல்லிட்றேன்."

"உங்கப்பா..."

"எம் மூஞ்சிதான அது." வைத்துவிட்டது.

நான் பிளாக்குக்குத் திரும்பும்போது மூன்றே முக்கால். கீழே ஒரு வேன் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் மேலே போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கொண்டுவந்த தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். ரோஸ் காகிதம் சுற்றிய பிளாஸ்டிக் தட்டுகள் ஏழு மேலே போனதாக எதிர் வீட்டு அக்கா சொன்னது.

"நீ இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற?" என்றும் கேட்டது.

"சும்மா."

நாலு மணி. மேலே பேச்சு சத்தம் ஏறியது. பெண்ணின் அப்பா குரல். பிறகு ஒன்றும் இல்லை. நாலு பத்துக்கு மாப்பிள்ளை தனியாக இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை. நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதான் அந்த வெப்சைட்டா?"

"ஆமா."

"ஊருல வேற படமே கெடைக்கலியா?"

"கடைல கெடந்துச்சி. எடுத்து வெச்சிட்டேன். என் தப்பு."

வேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மதியமே எனுக்கு அது சொல்லிச்சி. எங்கம்மாவுக்கு நான் சொல்லல. மேல எங்கக்கா போன்ல தொறந்துட்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கம்மா தண்ணிகூட குடிக்கல. பொண்ணையே பாத்துகினு குந்திகீது."

அவர் மேலே போனார்.

நாலரை ஆனது. யாரும் இறங்கவில்லை. ராகுகாலத்தில் மாற்றமாட்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன். போகவும் கால் வரவில்லை.

ஆறு மணி தாண்டி இறங்கினார்கள். முதலில் மாப்பிள்ளையின் அம்மா. கண் வீங்கியிருந்தது. கையில் தட்டு. பித்தளைத் தட்டு. பின்னால் வந்தவர்கள் கையிலும் பித்தளை. அது பெண் வீட்டுத் தட்டு. ராகுகாலம் முடியும்வரை உட்கார்ந்திருந்து மாற்றியிருக்கிறார்கள். வழியனுப்ப வந்த பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். பார்க்காதவர் மாதிரி மேலே போனார்.

மறுநாள் மற்ற இரண்டு மண்டபத்துக்கும் போய் அந்த வரியை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் கடைக்கு வந்தது.

"அந்த பேனர தொற."

திறந்தேன்.

"என் எதிர்ல அழி."

அழித்தேன். குப்பைத்தொட்டியில் கிடப்பதையும் அழிக்கச் சொன்னது. அழித்தேன். அந்தப் பெண் கிளம்பிப் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. திரையில் இருந்த மற்ற கோப்புகளைக் காட்டியது.

"இதெல்லாம்?"

"பழைய வேல."

"அவங்கள்ல ஒருத்தரையாவது கேட்டியா, வெச்சிக்கவான்னு?"

"இல்ல."

அது போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கினேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழித்தேன். சில முகங்களை இப்போதும் தெருவில் பார்க்கிறேன். சிலர் இல்லை. வெள்ளிக்கிழமை வரை ஆனது.

தீமில் அந்தப் பெட்டி இப்போது வெறும் சாம்பல் நிறம். அசிங்கமாக இருக்கிறது என்று மேனேஜர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.