உம்மாவுக்குச் சொல்லாமல் விட்டது

முதியவர்களைப் பராமரிப்பது என் தொழில். மறதி நோய் வந்தவர்களோடு எப்படிக் கதைப்பது என்று கொழும்பில் ஒரு பயிற்சியில் கற்றுத் தந்தார்கள். எதிர்த்துப் பேசாதே, திருத்தாதே, அவர்கள் நிற்கிற இடத்துக்கு நீ போய் நில் என்றார்கள். கேட்க லேசாகத்தான் இருந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலைக்காக அதைக் கட்டிப்போடப் பழகிக்கொண்டேன்.

கல்முனையில் நான் பார்த்த அந்த உம்மாவுக்கு மறதி முற்றியிருந்தது. கணவரும் ஒரே மகளும் அவரோடு இருந்தார்கள். மகள் பள்ளிக்கூட ஆசிரியை, என்னைவிட மூத்தவர். அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். உம்மாவுக்குக் கணவரை மட்டும் நன்றாகத் தெரியும். மகளை யாரோ டீச்சர் என்று நினைத்து, "வாங்க, இரிங்க" என்று மரியாதையாகக் கதிரை காட்டுவார். பெற்ற பிள்ளையை விருந்தாளி ஆக்கிவிட்டாரே என்று ராத்தா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பை நான் நம்பியதில்லை.

ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு கணவர் மௌத்தானார். ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துப் போகும்போது உம்மா எல்லாம் விளங்கித்தான் அழுதார். மறுநாள் காலை, மாவடிப்பள்ளி வட்டைக்கு வயல் பார்க்கப் போனவரை இன்னும் காணவில்லையே என்று, அவருக்கு ஊற்றிய பிளேன்டிக் கோப்பையை மூடி வைத்துவிட்டுக் கேற்றடியில் போய் நின்றார்.

அங்கேதான் தொல்லை தொடங்கியது. உம்மா இத்தாவில் இருந்தார். கணவர் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது, அலங்காரம் கூடாது. வழக்கப்படி வெள்ளையும் உடுத்திவிட்டிருந்தார்கள். உம்மா தன்னையே குனிந்து பார்ப்பார்.

"எனக்கு ஏன் வெள்ள உடுத்தி உட்டிரிக்கி? ஆரு மௌத்து?"

நான் பேச்சை மாற்ற வாயெடுப்பதற்குள் ராத்தா முந்திக்கொள்வார்.

"வாப்பா மௌத்தாகிட்டாரும்மா. நீங்க இத்தாவில இரிக்கீங்க."

உம்மாவைப் பொறுத்தவரை அது அப்போதுதான் வந்த செய்தி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்துவிடுவார். மத்தியானத்துக்குள் மறந்துபோகும். பின்னேரம் மறுபடியும் கேட்பார், மறுபடியும் ராத்தா சொல்வார், மறுபடியும் அதே அழுகை. ஒரே மனிதரை ஒரு பெண் எத்தனை தரம்தான் பறிகொடுப்பது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"சொல்லாம விடுங்களன் ராத்தா. அவர் வட்டையில இருந்து உங்களுக்கு என்ன கொண்டுவருவார் எண்டு நான் கேட்டா, உம்மா அதையே கதைச்சிட்டு ஆறிருவா."

"அது பொய் சொல்ற மாதிரித்தானே. இத்தாவில இரிக்கிறது தெரியாம நடந்துகிட்டா, அந்தப் பாவம் ஆர்ட தலையில?"

நானும் விடவில்லை, அரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவரே தெரிந்த மௌலவி ஒருவருக்குப் போன் எடுத்து, எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டார்.

"அறிவு தடுமாறினவங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவல்ல மகள்" என்றார் மௌலவி. "வெளிய போகாம நீங்க பாத்துக்கிட்டாப் போதும். வெள்ளதான் உடுக்கணும் எண்டும் இல்ல."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. ராத்தாவுக்கு அப்படி இருக்கவில்லை. போனை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கதைத்தார்.

"அழுற நேரம் உம்மா என்னக் கட்டிப் புடிக்கிறா. நீங்க காணல்லியா?"

கண்டிருந்தேன். செய்தியைக் கேட்டதும் உம்மா முதலில் தேடுவது மகளைத்தான். "என்ட புள்ளைக்கு வாப்பா இல்லாமப் போயிட்டே" என்று ராத்தாவின் தலையை மடிக்கு இழுத்துத் தடவிக்கொடுப்பார். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் மகளை அடையாளம் தெரியும். நான் உம்மாவின் கண்ணீரையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். வாப்பாவைப் பறிகொடுத்த பெண்ணுக்கும் அழ ஒரு மடி வேண்டும் என்று பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை.

"உங்களுக்குச் சரி எண்டு படுறதச் செய்யுங்க ராத்தா" என்றேன்.

"இல்ல" என்றார். "எனக்காக உம்மாவ அழ வைக்க ஏலா."

அன்று பின்னேரம் வெள்ளையைக் களைந்து, பூ வேலை எதுவும் இல்லாத பழைய சாம்பல் நிறச் சேலையொன்றை ராத்தாவே உம்மாவுக்கு உடுத்திவிட்டார். இந்த மனிசி பொய் சொல்லமாட்டார்; உண்மையை இனிச் சொல்லவும் முடியாது. என்ன செய்யப்போகிறாரோ என்று நான் பக்கத்திலேயே நின்றேன். உம்மா கேற்றுப் பக்கம் பார்த்தார்.

"இவர் எங்க, இன்னும் காணல்ல?"

ராத்தா குனிந்து உம்மாவின் சேலை மடிப்பைப் பிடித்தார்.

"அல்லாஹ்ட காவல்ல இரிக்கார்மா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று உம்மா ஆறுதலாகக் கதிரையில் சாய்ந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது, எனக்கு அதில் சந்தோஷமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, காலடியில் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த ராத்தாவை உம்மா உற்றுப் பார்த்தார். பிறகு, தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பைச் சிரித்தார்.

"நல்ல புள்ள நீங்க. நேரத்தோட ஊட்டுக்குப் போங்க. உங்கட உம்மா தேடுவா."