மாடி அறைக்கு அடித்த நுரை

அவருடைய பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. நுரைக்காரர் என்றால்தான் தெரியும். அவருடைய வேனுக்குள் இரண்டு பீப்பாய்களும் ஒரு மோட்டாரும் நீளமான குழாயும் இருக்கும். குழாய் நுனியில் இருக்கும் துப்பாக்கியை அழுத்தினால், கூரையின் அடியில் மருந்து பாலாடை மாதிரி படியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொங்கி, காய்ந்த ரொட்டியாக இறுகிவிடும். அப்புறம் மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் வீட்டுக்குள் உறைக்காது.

அன்று ஒரு வீட்டுக்காரர் போனில் வழி சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இடம் தெரிந்துவிட்டது. பேக்கரியைத் தாண்டி, சைக்கிள் கடைச் சந்துக்குள், பச்சை கேட் வீடு. அந்த வீட்டின் மாடியில் இருந்த தகர அறையில்தான் அவர் குடித்தனம் ஆரம்பித்தார்.

அப்போது அவருக்குக் கார்ப் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் வேலை. வெயில் ஏற ஏற, மேலே தகரம் டங் டங்கென்று முறுக்கும். "மாமியா முனக ஆரம்பிச்சுட்டாங்க" என்பாள் மனைவி. அவருடைய அம்மாவோ பரம சாது, வாயே திறக்காதவள். அதனாலேயே அந்தக் கேலிக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மூத்தவள் பிறந்த கோடையில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. வாணலியில் போட்ட கடலையாகத் துடித்தது. கூரையை ஒட்டிக் குறுக்கே கம்பி கட்டி, ஈரப் போர்வையைத் தொங்கவிட்டு, அட்டையால் மாறி மாறி விசிறினார்கள். கீழே இருந்த பழைய வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னால், "வெயில்னா சுடத்தானே செய்யும்?" என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு குளிர்கிடங்கின் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார். உள்ளே சிலர் சுவரில் நுரை அடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தார் உருகுகிற வெயில். நுரை காய்ந்த சுவரில் கையை வைத்தவர் எடுக்கவேயில்லை.

"இத வீட்டுக் கூரைக்கு அடிக்க முடியாதா?"

"அடிக்கலாமே. யாரு கேக்கிறா?" என்றார் மேஸ்திரி.

பட்டறையை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டார். ஆனால் வேலை கைக்கு வருவதற்குள் வீடு மாறியாயிற்று. ஊரிலுள்ள கூரைகளுக்கெல்லாம் அடித்தார்; அந்த அறை மட்டும் மிச்சம்.

இப்போது போன் செய்தவர் பழைய வீட்டுக்காரரின் மகன். மாடியில் குடியிருந்த பெண், அடிக்கிற அன்று உள்ளே தங்கக்கூடாது என்று கைக்குழந்தையோடு தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நுரைக்காரர் போனபோது அறை காலியாக இருந்தது. முகமூடியை மாட்டப் போனவர் அண்ணாந்து பார்த்தார். அவர் முறுக்கிக் கட்டிய கம்பி, துருப்பிடித்து அப்படியே இருந்தது. மனைவிக்குப் போன் போட்டார்.

"நம்ம தகர ரூம்லதான் நிக்கிறேன். கம்பிகூட இருக்கு. அடிச்சா எல்லாம் மூடிடும்... மனசே வரல."

"அந்தத் தகர மாமியா இன்னும் உயிரோடவா இருக்கா? அடுப்புக்குள்ள என்னங்க ஞாபகம் வேண்டிக்கிடக்கு? ஒரு புள்ள தூங்கணும். நல்லா கனமா அடிச்சு, அவ வாய அடைச்சுட்டு வாங்க."

அவர் தனியாகச் சிரித்தார். முகமூடியை மாட்டிக்கொண்டு, வேறெந்த வீட்டுக்கும் அடிக்காத நிதானத்தோடு, மூலை மூலையாக அடித்தார். கம்பி மஞ்சள் நுரைக்குள் மெல்ல மறைந்தது.

மறுநாள் பிதுங்கி நின்ற நுரையைச் செதுக்கக் கிளம்பும்போது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எதுக்கு?"

"சும்மாதான். வேலை சுத்தமா இருக்கான்னு பாக்க வேண்டாமா?"

அவர் செதுக்கி முடித்துக் கூட்டியள்ளியபோது அந்தப் பெண் குழந்தையோடு திரும்பி வந்தாள். உச்சிவெயில். உள்ளே காலெடுத்து வைத்தவள், அனலே இல்லையே என்று அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தரையில் துணி விரித்துப் போட்டாள். அது கையைக் காலை உதைத்துவிட்டு, சிணுங்காமல் தூங்கிப்போயிற்று.

"இங்கதான் எம் பொண்ணையும் போடுவேன். இந்தப் பக்கம்தான் கொஞ்சம் காத்து வரும்" என்றாள் மனைவி.

"அக்கா, நீங்க இங்கயா இருந்தீங்க?"

அவ்வளவுதான். மடை திறந்துகொண்டது. ஈரப் போர்வை சொட்டி அவர் மூக்கில் விழுந்தது, ஒரே தட்டில் சாப்பிட்டது, மழை பெய்தால் சண்டைகூடக் காதில் விழாதது என்று அவள் சொல்லச் சொல்ல அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நுரைக்காரர் கீழே இறங்கிக் குழாயைச் சுருட்டி வேனில் ஏற்றினார். ஹாரன் அடித்துப் பார்த்தார். மனைவி வருவதாக இல்லை. மறுபடி மாடியேறிப் போனார்.

"கொஞ்சம் உக்காருங்க. அப்படி என்ன அவசரம்?" என்றாள் அவள், குழந்தை எழுந்துவிடாமல் குரலைத் தாழ்த்தி.

அவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.