திதிக்கு வாங்கிய பலகைகள்

"கோடையிலை போறதுக்கு என்ரை பிள்ளை என்ன கோடையிலையே செத்தவன்?"

கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொய் வீட்டுக் குசினியில் நின்று என் தம்பி கதிர்காமத்தம்பி என்னைப் பார்த்துக் கத்தியது இது. நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அவன் மகன் ரஜீவன் நோர்வே மலையில் பனிச்சரிவில் அகப்பட்டுச் செத்து ஒரு வருசம் ஆகப்போகிறது. பிள்ளை கிடந்த இடத்தில் கற்பூரம் கொளுத்த வேண்டும் என்கிறான் தகப்பன். சரி, பனி கரைந்த பிறகு ஆடி மாதம் நடந்தே போகலாமே என்றேன். பங்குனியில் அங்கே இரண்டு ஆள் உயரத்துக்குப் பனி. காலில் பூட்டுகிற ஸ்கிப் பலகை இல்லாமல் ஒருவரும் ஏற முடியாது. இவனுக்கு வயது ஐம்பத்தொன்பது. முழங்கால் இரண்டும் தேய்ந்தவை. ஸ்கியைத் தொட்டும் பார்த்ததில்லை.

"திதி பங்குனியிலை. திவசத்தை எங்கடை வசதிக்கு மாத்தேலாது, அக்கா."

"அப்ப ஐயரைக் கூப்பிட்டு வீட்டிலை செய்."

"அவன் வீட்டிலையே செத்தவன்?"

அவன் அப்படித்தான். எண்பத்தேழில் டென்மார்க்குக்கு வந்தவன். ஐந்து வருசம் ஆலையில் மீன் தலை வெட்டினான். பிறகு கொப்பன்ஹேகனில் பஸ் ஓட்டினான். நேரம் என்றால் நேரம். ஓடிவரும் பயணியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்துவான். அவன் பெண்சாதி நோயில் போனபோது ரஜீவனுக்கு நான்கு வயது. என் மனுசனும் அதற்கு முதல் வருசந்தான் செத்தவர். நான் இந்த வீட்டோடு வந்து சேர்ந்தேன். பிள்ளையைச் சோறு போட்டு வளர்த்தது நான். ஏசி வளர்த்தது அவன்.

ரஜீவனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, இந்த நாட்டின் பேர்பெற்ற மலையைக் காட்டுகிறேன் என்று எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். மூச்சு வாங்குவதற்கு முன்னம் உச்சிக்கு வந்துவிட்டோம். பிள்ளை சுற்றிப் பார்த்துவிட்டு டெனிஷில் கேட்டது, "அப்பா, மலை எங்கே?" தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு.

பெரியவனானதும் ரஜீவன் ஒவ்வொரு மாரியும் நோர்வேக்குப் போனான். கம்பிக் கயிறும் தொங்குகிற பெட்டியும் ஆட்களை இழுத்துக்கொண்டுபோய் மேலே விடுகிற மலைகள் அல்ல. பலகையைக் காலில் பூட்டித் தானே ஏறி, ஒருவர் காலும் படாத தூள்பனியில் இறங்குவது. கடைசித் தடவை கூடப்போனவன் பக்கத்து ஊர் டோஸ்ட்ருப்பில் இருக்கிற சிநேகிதன் நேதன். பனி சரியில்லை என்று நேதன் பாதியில் நின்றுவிட்டான். ரஜீவன் கேட்கவில்லை. செத்தவீட்டில் நேதன் வந்து முன்னால் நின்றபோது தம்பி முகம் கொடுக்கவில்லை. "விட்டிட்டு வந்தவனோடை எனக்கென்ன கதை?" என்றான்.

ஆனால் அந்த இடம் தெரிந்தவன் நேதன் ஒருவன்தான். தை மாதம் தம்பி போய் அவன் வீட்டு மணியை அடித்தான். நானும் பின்னால் நின்றேன். கதவைத் திறந்த பெடியன் அப்படியே விறைத்துப்போனான்.

"ஸ்கி எப்பிடிப் பூட்டுறதெண்டு காட்டித் தா," என்றான் தம்பி.

"உள்ளை வாங்கோ, அங்கிள். தேத்தண்ணியெண்டாலும் குடிச்சிட்டு..."

"வேண்டாம். எப்ப தொடங்கலாம்?"

"அவன் குடியான். எனக்குப் போடு, சீனி வேண்டாம்," என்றேன். குளிரில் எவ்வளவு நேரம் நிற்பது?

நகரத்தில் குப்பை எரிக்கும் ஆலையின் கூரையில் பிளாஸ்டிக் புல் விரித்து ஒரு சறுக்கல் செய்திருக்கிறார்கள். பத்துக் கிழமை, கிழமைக்கு இரண்டு நாள், தம்பி அதில் போய் விழுந்தான். நாலு வயதுப் பிள்ளைகள் அவனைச் சுற்றிக்கொண்டு இறங்கின. குண்டி முழுக்கக் கண்டிப்போய் வந்து, கதிரையில் ஒரு பக்கமாக இருந்து சோறு தின்பான்.

"என்ன, பிரேக் பிடிக்கேல்லையோ?" என்று கேட்பேன்.

மாசியில் புதுப் பலகை ஒரு சோடி வாங்கி வந்தான். இந்த முழங்காலோடு வாடகைப் பலகையை இழுக்க முடியாது, ஆக இலேசானதுதான் வேண்டும் என்று நேதன் சொல்லியிருந்தான். ஒன்றை ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். ஒரு தேங்காயின் பாரந்தான் இருக்கும்.

"இதுக்குள்ளை ஒண்டுமில்லையடா. கடைக்காரன் உன்னை நல்லாப் பேய்க்காட்டிப்போட்டான்."

"பாரம் குறையக் குறைய விலை கூட, அக்கா."

"எவ்வளவு?"

"உங்களுக்கென்னத்துக்கு?"

ஏறும்போது அடியில் ஒட்டுகிற நீளத் தோலையும் காட்டினான். ஒரு பக்கம் தடவினால் வழுக்கியது. மறுபக்கம் தடவினால் கையைப் பிடித்தது. அது இருந்தால் பின்னுக்குச் சறுக்காதாம். பலகைகளை ரஜீவனுடைய பலகைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தான். ரஜீவனுடையதில் ஒன்றுதான் பனிக்குள்ளிருந்து கிடைத்தது.

திவசத்துக்கு இறைச்சி ஆகாது. ஆனபடியால் கிழங்கு வைத்து றோல்ஸ் பொரித்துக் கொடுத்துவிட்டேன். பிள்ளைக்குப் பிடித்தது அதுதான். பங்குனியில் தம்பியும் நேதனும் நோர்வேக்குப் போனார்கள்; மலையில் நடந்ததை நேதன் சொல்லித்தான் அறிந்தேன்.

கூட வந்த வழிகாட்டி ஒரு நோர்வேக்காரப் பெண். நான்கு மணித்தியாலம் ஏறினார்களாம். மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு கற்குவியல். அதனடியில் அவள் நின்று பனியில் கிடங்கு வெட்டி, மண்வெட்டியை மேலே வைத்துக் கையால் தட்டிப் பார்த்தாள். மூன்றாவது தட்டில் மேல்பனி பாளமாகக் கழன்று வந்தது. பனி சரியும், இதற்கு மேல் இன்றைக்கு ஒருவரும் போக முடியாது என்றாள்.

ரஜீவன் கிடந்த சரிவு நேரே தெரிந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்த மனிசனும் கேட்கப்போவதில்லை என்று நேதன் நினைத்தானாம்.

"எவ்வளவு தூரம்?"

"அறுநூறு மீற்றர், அங்கிள்."

"நீ எதிலை நிண்டு திரும்பினனீ?"

"இதிலைதான். இந்தக் கல்லடியிலை."

"அவனைக் கூப்பிட்டனியோ?"

"ரெண்டு தரம் கூப்பிட்டனான். கையைக் காட்டிப்போட்டுப் போட்டான்."

தம்பி கைத்தடி இரண்டையும் பனியில் குத்தினான். பிறகு, "அப்ப இதிலையே கொளுத்துவம்," என்றான். "இதிலை நிண்டு திரும்பியிருந்தா வீட்டை வந்திருப்பான்."

காற்றில் கற்பூரம் பற்றவில்லை. நேதன் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் சுற்றி மறைத்தான். அவன் பெந்தகோஸ்தே சபைக்குப் போகிற பெடியன்.

"உங்கடை சபையிலை இதெல்லாம் கூடாதெல்லே?"

"காத்துக்குக் கை பிடிக்கலாம், அங்கிள்."

எரிந்து முடியும்வரைக்கும் அவன் கையை எடுக்கவில்லை. றோல்ஸில் ஒன்றைக் கல்லில் வைத்துவிட்டு மிச்சத்தை மூன்று பேரும் தின்றிருக்கிறார்கள். இறங்கும்போது தம்பி ஒன்பது தரம் விழுந்தான்.

மூன்றாம் நாள் இஷொய்க்கு வந்தபோது, "உள்ளை வா, சாப்பிட்டிட்டுப் போ," என்று நேதனைக் கூப்பிட்டது தம்பிதான். நேதன் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான். தம்பி பலகைகளைத் துடைத்துத் தோலைக் காயப்போட்டான்.

"இனி என்ன, விக்கிறதுதானே?" என்றேன்.

"வாற பங்குனிக்கும் திதி வரும்."

"அந்தச் சரிவுக்கோ போகப்போறாய்?"

"இல்லை. கல்லடிமட்டும்தான்."

விலையை மட்டும் திரும்பக் கேட்டேன். இந்தத் தரம் ஒளிக்காமல் சொன்னான். பலகையும் பூட்டும் தோலும் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு குரோனர்.