விரிசலின் மேல் ஒட்டிய காகிதம்

என் சித்தப்பா பொய்யர். காலனியே அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறது என்பதற்காக நான் இதை மென்று விழுங்க முடியாது.

அறுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. தாம்பரத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் எங்கள் வீடு. பின்னால் கல் குவாரி. தினமும் மதியம் விசில் ஊதி வெடி வைப்பார்கள். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். நிலவியல் படித்த சித்தப்பாவுக்கு அந்தக் குவாரியில்தான் உத்தியோகம். எங்களோடுதான் இருந்தார்.

எங்கோ பூகம்பம் என்று பேப்பரில் பார்த்ததிலிருந்து எங்கள் வீடும் விழுமோ என்று எனக்குப் பயம். அவரைக் கேட்டேன்.

“பாறை திடீர்னு உடையாதுடி. அழுத்தம் சேரச் சேர முதல்ல பொடிப்பொடியா விரிசல் விடும். தாங்காத அன்னிக்கு சடார்னு நழுவும், அதான் பூகம்பம். எரிமலையும் அப்படித்தான். உள்ளேருந்து குழம்பு தள்ளத் தள்ள மேல் பாறை விரியும். கவனிக்கறவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.”

“அம்மா கட்டில் பக்கத்துச் சுவத்துலயும் விரிசல் இருக்கே சித்தப்பா?”

சிரித்தார். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, விரிசலுக்குக் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டினார். “விரிசல் நகர்ந்தா இது கிழியும். கிழியாத வரைக்கும் வாயை மூடிட்டு இரு, எரிமலை மேடம்!”

அம்மா அப்போது எட்டு மாதம். பகலெல்லாம் அந்தக் கட்டிலில்தான் படுத்திருப்பாள். நான் பள்ளி விட்டதும் பையைக்கூட இறக்காமல் காகிதத்தைப் பார்ப்பேன். ஒரு சனிக்கிழமை மதியம் அது கிழிந்திருந்தது. சாயங்காலம் அப்பாவை இழுத்து வந்து காட்டினால் முழுசாக இருந்தது.

“படிச்சவன் ஒட்டினது. நீ சும்மா பயந்து சாகாதே” என்றார் அப்பா.

மறுநாள் காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் என் பள்ளி வரிசை எண்ணை எழுதினேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் காகிதம் இருந்தது, எண் இல்லை. பல்லி நக்கியிருக்கும் என்று நினைத்தேன். கிழியவில்லையே, அது போதும் எனக்கு. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மதிய வெடியில் அந்தச் சுவர் விழுந்தது. அம்மா பிழைத்தாள். வயிற்றிலிருந்த பிள்ளை பிழைக்கவில்லை. வீட்டில் எல்லோரையும்விட உரக்க அழுதவர் சித்தப்பா. பாவம், எவ்வளவு பாசம் என்று நான்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன மாதம் அவருடைய பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது கிழிந்த காகிதத் துண்டுகள் பதினொன்று கிடைத்தன. ஒவ்வொன்றிலும் தேதி, விரிசலின் அகலம், அவர் கையெழுத்து. ஒன்றில் என் வரிசை எண். அடியில் ஒரு கார்பன் நகல்: வெடியால் சுற்றுவட்டார வீடுகளுக்குப் பாதிப்பில்லை என்று அவர் எழுதிக் கொடுத்த சான்று.

ஞாயிற்றுக்கிழமை காலனிச் சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறதாம். நானும் வருகிறேன். அந்த மேடையில், மைக்கில், எல்லோர் காதிலும் விழும்படி அவர் பதில் சொல்லட்டும்: சுவர் நகர்வது தெரிந்தும் உங்கள் அண்ணியை ஏன் அங்கேயே படுக்கவிட்டீர்கள்?