விளிம்பில் இருந்த பல்தடம்

பழைய பாட்டுப்பெட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர். உள்ளே இருக்கிற விசை, ஊசி சமாசாரமெல்லாம் வேறு ஆளின் பாடு. இவர் தொடுவது வெளியே இருக்கிற மரத்தை மட்டும்தான். நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் கிராமபோன் அலமாரிகள் மூடி பிளந்து, கதவு தொங்கி, மெருகெல்லாம் வெளிறிப்போய் வந்து சேரும். திரும்பிப் போகும்போது அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். பெட்டிக்காரர் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட அவர் பட்டறைக்கு வழி காட்டும்.

மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். "இது ஜன்னலோரமா நின்ன பெட்டி, ஒரு பக்கம் வெயில் தின்னிருக்கு பாருங்க. இந்த மூடிமேல யாரோ ரொம்ப நாளா பூச்சாடி வெச்சிருந்திருக்காங்க." கொண்டு வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வீட்டில்தான் பேச்சு செத்துப்போயிருந்தது. ஒரே ஒரு பெண் குழந்தை பிறந்து, முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்காமல் ஒரு காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அவர் மனைவி தேவைக்கு மட்டுமே வாய் திறந்தாள். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்." "கதவ சாத்திட்டுப் போங்க." அவ்வளவுதான். என்றைக்காவது ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசமாட்டாளா என்று அவர் ஏங்கிக் கிடந்தார். அதை வாய்விட்டுக் கேட்கத்தான் துப்பில்லை. கைவேலைக்காரர்கள் பலருக்கும் இந்த வியாதி உண்டு. வாயால் முடிகிற காரியத்தையும் கையால் செய்து தீர்க்கப் பார்ப்பார்கள்.

கூடத்து மூலையில் அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு பெட்டி நின்றது. கல்யாணமான புதிதில் பழைய சாமான் கடையிலிருந்து தூக்கி வந்தது. ஊரார் பெட்டிக்கே நேரம் போதாததால் அது பரட்டைத் தலையோடு அப்படியே கிடந்தது. மனைவி அதன்மேல் தன் சேலை ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தாள். யாரையும் கிட்டே விடமாட்டாள். ஒருமுறை இவர் சேலையை விலக்கப் போனதற்கு, "அத விடுங்க, அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அதை இவர் குத்தலாக எடுத்துக்கொண்டார். ஊர்ப் பெட்டியெல்லாம் மினுக்குகிறது, நம் வீட்டுப் பெட்டி மானத்தை வாங்குகிறது, அந்த வெட்கத்தில்தான் மூடி வைக்கிறாள் என்று தானாகவே முடிவு கட்டினார். மரத்தோடு பழகிய மூளை அதற்குமேல் ஓடவில்லை.

தன் அக்கா மகளின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக அவள் கிளம்பிப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, கையோடு சேலையை உருவினார். கதவுகளைக் கழற்றினார். பக்கவாட்டில் எழும்பிக் கிடந்த மெல்லிய மேலொட்டுப் பலகையை வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினார். பாட்டு வரும் மேல்கதவுக்கும் இசைத்தட்டு அடுக்கும் கீழ்க்கதவுக்கும் நடுவில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு விளிம்புப் பட்டை துருத்திக்கொண்டு ஓடும். அது நெடுகக் கீறலும் பள்ளமுமாக இருந்தது.

ஒரே ஒரு பார்வைதான் பார்த்தார். "எலி" என்றார். இழைப்புளியால் வழவழவென்று இழைத்து, விழுந்த சுருளையெல்லாம் அள்ளி வச்சிர அடுப்பிலேயே போட்டார். பிறகு அரக்கு மெருகு. துணிப் பொட்டலத்தை நனைத்து, நிறுத்தாமல் தேய்த்தார். கை கடுத்தும் விடவில்லை. வேறு எந்தப் பெட்டிக்கும் அவர் இவ்வளவு ஆசையாக உழைத்ததில்லை.

அவள் வந்த அன்று குளித்து, சட்டை மாற்றி, பெட்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மூடியைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. நேராக வந்து மண்டியிட்டு அந்த விளிம்பை விரலால் தடவினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள்.

"இங்க இருந்தது எங்கங்க?"

"எலி கடிச்சு நாசம் பண்ணியிருந்துச்சு. இழைச்சு எடுத்துட்டேன்."

"எலியா?"

அவருக்கு அப்போதும் விளங்கவில்லை.

"பாப்பா இதப் புடிச்சுக்கிட்டுத்தானே நிக்கப் பழகுனா. ஈறு ஊறுதுன்னு இதத்தானே கடிச்சுக்கிட்டே இருப்பா. ஒரு போட்டோகூட நாம எடுக்கலையேங்க."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்தார். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே கிளறினார்.

பிறகு, தெரிந்த ஒரே வழிக்குப் போனார். காலையில் போட்ட கீறலை நூறு வருஷத்துக் கீறல் என்று நம்ப வைக்கிற கை அது. சின்ன உளியை எடுத்து, விளிம்பின் மேலும் கீழுமாக, ஒரே சீராக இல்லாமல், பிள்ளை கடித்த மாதிரியே செதுக்கினார். தேயிலைச் சாயம் ஏற்றினார். பிசிறு போகக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். இது அசலா நகலா என்று அவருக்கே சந்தேகம் வரும்படி ஆனதும் அவளைக் கூப்பிட்டார்.

"வந்து பாரேன். கொண்டு வந்துட்டேன்."

அவள் வந்தாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் தடவிப் பார்த்தாள்.

"மேலயும் போட்டிருக்கீங்களே."

"கடிச்சா ரெண்டு பக்கமும்தானே விழும்?"

"மேல் பல்லு அவளுக்கு மொளைக்கவே இல்லைங்க. கீழ ரெண்டே ரெண்டு." அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

அவர் கண்ணை மூடிக் குழந்தையின் வாயை நினைத்துப் பார்த்தார். அது சிரித்தது, அழுதது, பால் குடித்தது எல்லாம் வந்தது. பல் மட்டும் வரவில்லை.

"இல்ல" என்றார்.